அப்பிரதட்சிணமாக இருநூறு சுற்று

அமெரிக்காவில் இந்தியானா என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு, நம்மவர் யாரோ போய்ச் சூட்டிய பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். கொலம்பஸ் திசை தெரியாமல் போய் இறங்கி, கண்ணில் பட்டவர்களை எல்லாம் 'இந்தியர்' என்று அழைத்தாரே, அந்தக் குழப்பத்தின் மிச்சம் அது. தட்டையான பூமி. எங்கே பார்த்தாலும் சோளக்கொல்லை. மலை கிடையாது, கடல் கிடையாது. அந்த ராஜ்யத்தின் தலைநகரமான இந்தியானாபோலிஸைப் பற்றி வருஷத்தில் பதினொரு மாதம் உலகம் கவலைப்படுவதில்லை. மே மாதம் பிறந்துவிட்டால் மட்டும் ஊர் அமளிதுமளிப்படும். அங்குள்ள மோட்டார் பந்தயத் திடலில் உட்காருவதற்கு மட்டும் சுமார் இரண்டரை லட்சம் ஆசனங்கள் உண்டு. மே மாதக் கடைசியில் வரும் பந்தய ஞாயிற்றுக்கிழமையன்று அவற்றில் பெரும்பாலானவை நிரம்பிப் போவது வழக்கம்.

1909-ம் வருஷத்தில் கட்டிய திடல் இது. முதலில் கல்லும் தாரும் போட்டுப் பார்த்தார்கள்; சரிப்படவில்லை. அதே வருஷத்திலேயே 32 லட்சம் செங்கற்களைப் பரப்பிப் பாதையை முடித்தார்கள். இப்போது அந்தச் செங்கற்கள் எல்லாம் தாருக்கு அடியில் உறங்குகின்றன. பந்தயம் தொடங்கி முடியும் கோட்டில் மட்டும் மூன்றடி அகலத்துக்குச் செங்கலை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஜெயித்தவர்கள் மண்டியிட்டு அதை முத்தமிடுவது இப்போதைய சம்பிரதாயம். பாதைக்கு உள்ளே இருக்கும் இடத்தில் வாடிகன் நகரம் முழுவதையும் தூக்கி வைத்துவிடலாம். அதற்கு மேலும் இடம் மிஞ்சும். உள்ளே ஒரு மியூசியம், மரங்கள், குளம், கோல்ப் விளையாடும் புல்வெளி கூட இருக்கின்றன.

பாதைக்கு 'ஓவல்' என்று பெயர். முட்டை வடிவம் என்று அர்த்தம். உண்மையில் இது முட்டையும் அல்ல, வட்டமும் அல்ல. மூலை மழுங்கிய செவ்வகத் தாம்பாளம். நீண்ட பக்கங்கள் இரண்டும் ஐந்தெட்டு மைல், குட்டைப் பக்கங்கள் அரைக்கால் மைல், நான்கு மூலைகளும் ஒவ்வொன்று கால் மைல். ஆக மொத்தம் இரண்டரை மைல். மே மாதப் பந்தயத்தில் 33 கார்கள் இதை 200 தரம் சுற்ற வேண்டும். கூட்டிப் பார்த்தால் 500 மைல். அதனால்தான் அதற்கு 'இண்டி 500' என்று பெயர்.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். ஏனென்றால் கார்கள் சுற்றுவது அப்பிரதட்சிணமாக! எப்போதும் இடப் பக்கமாகவே திரும்புகின்றன. வலப் பக்கம் என்ற பேச்சே இல்லை.

ஆனால் இதே திடலுக்குள் இன்னொரு பாதையும் இருக்கிறது. 2000-ம் வருஷத்தில், உலகப் பிரசித்தி பெற்ற பார்முலா ஒன் பந்தயத்தை இங்கே நடத்துவதற்காக, ஓவலில் ஒரு பகுதியைச் சேர்த்துக் கொண்டு உள்ளே நெளிந்து வளைந்து போகும் சாலை ஒன்றைப் போட்டார்கள். 'ரோட் கோர்ஸ்' என்பார்கள்; நாம் வளைசாலை என்று வைத்துக் கொள்வோம். வேடிக்கை என்னவென்றால், வளைசாலையில் கார்கள் போவது பிரதட்சிணமாக! 2014-ம் வருஷத்திலிருந்து அநேகமாக ஒவ்வொரு மே மாதமும் ஓவல் பந்தயத்துக்கு முன்னதாக வளைசாலையில் ஒரு பந்தயம் நடக்கிறது. அதே ஓட்டிகளில் பெரும்பாலோர் ஒரே மாதத்தில் ஒரே திடலை வலமும் வருகிறார்கள், இடமும் வருகிறார்கள். எந்தப் பாதைக்குச் சாமர்த்தியம் அதிகம் வேண்டும் என்று சண்டை போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் வேறு இல்லை.

சண்டை பழையது. ஐரோப்பிய ரசிகர்களைக் கேட்டால் ஓவல் ஓட்டிகளைச் செக்குமாடுகள் என்றே சொல்லாமல் சொல்வார்கள். "ஆக்ஸிலரேட்டரை அழுத்து, இடப்பக்கம் திருப்பு, இதற்கு என்ன வித்தை வேண்டும்?" என்பது அவர்கள் கட்சி. அமெரிக்கர்களோ, "சுவருக்குப் பக்கத்தில் வந்து பாருங்கள், தெரியும்!" என்பார்கள்.

சுவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் வளைசாலையைப் பார்த்துவிடுவோம். அங்கே வித்தை கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

இந்தியானாபோலிஸின் வளைசாலையில் 14 திருப்பங்கள். ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. நீண்ட நேர்ப்பாதையில் சிட்டாய்ப் பறந்து வந்து, முதல் திருப்பத்துக்கு முன் வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும். பிரேக்கைச் சற்று முன்னால் மிதித்தால் பின்னால் வருகிறவன் முந்திவிடுவான். பின்னால் மிதித்தால் புல்தரையைப் பார்க்கப் போக வேண்டியதுதான். பிரேக்கை முழுக்க அழுத்திவிட்டு, திரும்பத் திரும்ப அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கொண்டே போவது ஒரு தனிக் கலை. கூடவே கியர் மாற்ற வேண்டும். இந்தக் கார்களின் ஸ்டியரிங்குக்கு நம் ஊர்க் கார்களில் இருப்பது போல் யந்திர உதவி கிடையாது. கைப் பலம்தான். பந்தயம் முடிந்து இறங்குகிறவர்களின் உள்ளங்கைகளில் கொப்புளம் கண்டிருக்கும்.

மழை வந்தாலும் வளைசாலைப் பந்தயம் நிற்காது. 2022-ம் வருஷம் மே மாதம் இங்கே ஈரமும் காய்ச்சலுமாகப் பாதை மாறி மாறி இருந்தது. கோல்டன் ஹெர்ட்டா என்ற இளைஞரின் கார் ஒரு திருப்பத்தில் அநேகமாகப் பக்கவாட்டில் திரும்பியே விட்டது. மனிதர் எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்து, சறுக்கிக் கொண்டே போய், காரை நிமிர்த்தி, பந்தயத்தையும் ஜெயித்தார். ஓவலில் தூறல் விழுந்தாலே கொடியைக் காட்டிப் பந்தயத்தை நிறுத்திவிடுவார்கள். ஐரோப்பியர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

சிரிக்கட்டும். இப்போது ஓவலுக்கு வருவோம்.

மியூசியத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றிப் பாதையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். பஸ் மெதுவாகத்தான் போகும். முதல் மூலை வந்ததும் வண்டி இடப் பக்கம் சாய்கிறது. 9 டிகிரி சொச்சம் சாய்வு. டேடோனா என்ற ஊரின் ஓவலில் 31 டிகிரி. அங்கே நடந்து ஏறுவதற்கே மூச்சு வாங்கும். அதனோடு ஒப்பிட்டால் இது சாய்வே இல்லை. அதுதான் சங்கடம். டேடோனாவில் சாய்வே காரைத் தாங்கிக் கொள்ளும். இங்கே ஓட்டுகிறவன்தான் தாங்க வேண்டும். இரு புறமும் உயர்ந்த ஆசன வரிசைகளுக்கு நடுவே, நீண்ட நேர்ப்பாதையின் கடைசியில், முதல் மூலை ஒரு சந்து மாதிரி தெரிகிறது. அந்தச் சந்துக்குள் மணிக்கு 230 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் நுழைய வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். விநாடிக்கு நூறு மீட்டர். கண் இமைத்து மூடித் திறப்பதற்குள் கார் நூறடி போயிருக்கும்.

எந்தெந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று தீர்மானிக்கும் தகுதிச் சுற்றுகளில் பிரேக் என்ற பேச்சே இல்லை. நான்கு சுற்று, நான்கின் சராசரிதான் கணக்கு. 2024-ம் வருஷம் ஸ்காட் மக்லாலின் மணிக்கு 234.220 மைல் சராசரியில் முதலிடம் பிடித்தார். ஒரு சுற்றுக்கு நாற்பது விநாடி கூட இல்லை.

வீட்டு வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். சிக்குக் கோலத்தில் ஒரு வளைவு கொஞ்சம் பிசகினாலும் அடுத்த புள்ளியில் ஒப்பேற்றிவிடலாம். ஆனால் புள்ளியே வைக்காமல், கையை எடுக்காமல், ஒரே இழுப்பில் பெரிய வட்டம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் விரல் தயங்கியதோ அந்த இடம் காலை முழுவதும் காட்டிக் கொடுத்துக் கொண்டே இருக்கும். ஓவலில் ஓட்டுவது இரண்டாவது ஜாதி. ஒரு மூலையில் ஸ்டியரிங்கை ஒரு நூலிழை அதிகமாகத் திருப்பினால் டயர் உரசி வேகம் சற்றுக் குறையும். அந்தக் குறை அடுத்த நேர்ப்பாதை முழுவதும் கூடவே வரும். அதற்குள் இரண்டு பேர் முந்தியிருப்பார்கள்.

காரையே இதற்கென்று கோணலாகத்தான் தயார் செய்கிறார்கள். வலப்புறப் பின் டயரின் சுற்றளவு இடப்புற டயரைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால் கார் தானாகவே இடப் பக்கம் போகப் பார்க்கும். நேர்ப்பாதையில் கூட ஓட்டி ஸ்டியரிங்கை லேசாக வலப் பக்கம் பிடித்துக் கொண்டிருக்க வேண்டும். எரிபொருள் தொட்டி காலியாகக் காலியாகக் காரின் குணம் மாறும். டயர் தேயத் தேய இன்னும் மாறும். சூரியனை ஒரு மேகம் மறைத்தால் பாதையின் சூடு குறைந்து பிடிப்பு மாறும். நான்கு மூலைகளும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் காற்று ஒரு மூலையில் முதுகில் தள்ளும், எதிர் மூலையில் மார்பில் தள்ளும். இதற்கெல்லாம் ஈடு கொடுக்க, காருக்குள்ளேயே சில நெம்புகோல்களும் விசைகளும் வைத்திருக்கிறார்கள். எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் என்பதை ஓடிக் கொண்டிருக்கும்போதே சுற்றுக்குச் சுற்று திருத்துகிறார்கள். செக்குமாட்டுக்கு இந்தத் தொல்லை எல்லாம் ஏது?

எல்லாவற்றுக்கும் மேலே காற்று விவகாரம். முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொண்டு போவதால், பின்னால் ஒட்டிக் கொண்டு வருகிறவனுக்கு நேர்ப்பாதையில் லாபம். ஆனால் மூலையில் அதே காரணத்தால் நஷ்டம். கலங்கிய காற்றில் காரின் மூக்குக்குப் பிடிப்புக் கிடைக்காது; திருப்பினாலும் திரும்பாமல் சுவர்ப் பக்கம் நழுவும். ஆகவே எவ்வளவு நெருங்குவது, எந்த மூலையில் விலகுவது, எந்தச் சுற்றில் பாய்வது என்பதைக் கணக்குப் போட்டுக் கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க நேரம் இல்லை. உயரமான இடத்தில் ஓர் ஆள் நின்று கொண்டு, "உள்ளே ஒருவன் இருக்கிறான், இன்னும் இருக்கிறான், விலகிவிட்டான்" என்று காதில் ரேடியோ மூலம் ஓதிக் கொண்டே இருப்பான். அவன் குரலை நம்பித்தான் உயிர்.

உயிர் என்று சும்மா சொல்லவில்லை. பில் உகோவிச் 1953-லும் 1954-லும் இங்கே ஜெயித்தார். 1955-ல் மூன்றாவது வெற்றிக்காக முன்னணியில் போய்க் கொண்டிருக்கும்போதே விபத்தில் மாண்டார்.

2011-ம் வருஷக் கதையைக் கேளுங்கள். முதல் பந்தயம் நடந்து சரியாக நூறு வருஷம். ஹில்டபிராண்ட் என்ற புதுமுகம் கடைசிச் சுற்றின் கடைசி மூலை வரை முதலாவதாக வந்துவிட்டார். முன்னே ஒரு மெதுவான கார். அதை வெளிப்புறமாகத் தாண்டப் போனார். எல்லோரும் ஓடும் தடத்துக்கு வெளியே, டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் கோலி குண்டுகளைப் போல் பரவிக் கிடக்கும். அதன் மேல் சக்கரம் ஏறியதுதான் தாமதம், நேரே சுவர்! உடைந்த கார் சுவரை உராய்ந்து கொண்டே இரண்டாவதாக எல்லையைக் கடந்தது. பின்னால் வந்த டான் வெல்டன் ஜெயித்தார். அதே வருஷம் அக்டோபரில், லாஸ் வேகாஸ் ஓவலில் பதினைந்து கார்கள் மோதிக் கொண்ட விபத்தில் வெல்டன் இறந்து போனார்.

இதனால் வளைசாலை அபாயமற்றது என்று அர்த்தம் இல்லை. ஸ்காட்லாந்துக்காரரான ஜிம் கிளார்க் 1965-ல் மோனாகோ பந்தயத்தையே வேண்டாம் என்று விட்டுவிட்டு இங்கே வந்து, 200 சுற்றில் 190 சுற்று முன்னணியில் இருந்து ஜெயித்தார். ஓவல் அவரை ஒன்றும் செய்யவில்லை. 1968-ல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் வளைசாலையில் மரத்தில் மோதி மறைந்தார். ஆனால் பொதுவாகச் சொன்னால், வளைசாலையில் தவறுக்கு மணலோ புல்லோ மன்னிப்புக் கொடுக்கும். ஓவலில் சுவர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். 2002-ல் இந்தியானாபோலிஸில்தான் முதன்முதலாக எஃகும் மெத்தைப் பொருளும் வைத்து, இடித்தால் சற்று உள்வாங்கும் சுவரைக் கட்டினார்கள். எத்தனையோ பெண்மணிகளின் மாங்கல்யத்தைக் காத்தது அந்தச் சுவர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

வளைசாலையில் ஜெயித்தவர்கள் ஓவலுக்கு வந்தால் என்ன ஆகிறது? நைஜல் மான்செல் 1992-ன் உலகச் சாம்பியன். 1993-ல் அமெரிக்கா வந்தார். பீனிக்ஸ் நகரத்து ஓவலில் முதல் அனுபவம். கார் பின்பக்கமாகப் போய்ச் சுவரில் மோதியதில் முதுகில் பலத்த அடி. அடுத்த மாதமே இந்தியானாபோலிஸில், ஏறக்குறைய ஜெயிக்கும் நிலையில் இருந்தார். பதினாறு சுற்றோ என்னவோ மிச்சம். மஞ்சள் கொடி விலகி மறுபடியும் வேகமெடுக்கும் அந்த ஒரு க்ஷணத்தில், பழந்தின்று கொட்டை போட்ட எமர்சன் பிட்டிபால்டி அவரைத் தாண்டிவிட்டார். மான்செலுக்கு மூன்றாம் இடம். ஆனால் அந்த வருஷம் அவர் ஜெயித்த ஐந்து பந்தயங்களில் நான்கு ஓவல்கள்! சாம்பியன் பட்டமும் அவருக்கே.

2025-ல் இன்னும் பெரிய வேடிக்கை. ராபர்ட் ஷ்வார்ட்ஸ்மன் என்ற இளைஞர் அதற்கு முன் ஓவலில் பந்தயமே ஓட்டியதில்லை. வந்தார், தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்துவிட்டார்! 'பார்த்தீர்களா, ஓவல் சுலபம்' என்று ஐரோப்பியக் கட்சிக்காரர்கள் துள்ளியிருப்பார்கள். பந்தய நாளன்று, டயர் மாற்றும் இடத்துக்கு வரும்போது கார் நிற்காமல் சறுக்கித் தம் ஆட்கள் மீதே மோதிவிட்டது. அத்துடன் அவர் கதை முடிந்தது. அன்று ஜெயித்தவர் அலெக்ஸ் பலோ. வளைசாலைகளில் மன்னன், அதற்குள் மூன்று முறை சாம்பியன். அப்படிப்பட்டவருக்கு ஓவலில் அதுதான் முதல் வெற்றி. 2020-ல் இந்தப் பந்தய வரிசைக்கு வந்தவர், ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. நியூசிலாந்தின் வான் கிஸ்பர்கன் கதையும் அப்படித்தான். அமெரிக்காவின் கனத்த ஸ்டாக் கார் பந்தயங்களில் 2025-ல் ஐந்து வெற்றி. ஐந்தும் வளைசாலையிலும் நகரத் தெருக்களிலும்தான். ஓவலில் ஒன்று கூட இல்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தனியாக வேகமாக ஓட்டுவதற்கு ஓவல் சீக்கிரம் கற்றுக் கொடுத்துவிடுகிறது. முப்பத்திரண்டு பேரோடு சேர்ந்து ஓட்டுவதற்குத்தான் வருஷக்கணக்கில் காக்க வைக்கிறது. வளைசாலையில் கெட்டிக்காரன் யார் என்பது முதல் சுற்றிலேயே கடிகாரத்தில் தெரிந்துவிடும். ஓவலில் கடைசிப் பத்துச் சுற்று வரை யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஓவல் பார்க்கிறவர்களுக்குச் சலிப்பு ஏற்படுகிறது. தெரிந்து பார்க்கிறவர்கள் ஆசன நுனிக்கு வந்துவிடுகிறார்கள்.

இரண்டு பாதைகளும் முட்டிக் கொண்ட ஒரு நாளும் உண்டு. 2005-ம் வருஷம் ஜூன் 19. வளைசாலையில் பார்முலா ஒன் பந்தயம். அதன் கடைசித் திருப்பம், ஓவலின் முதல் மூலைதான். எதிர்த் திசையில் போக வேண்டும். சாய்வான அந்த மூலையின் பாரத்தை மிஷலின் கம்பெனி டயர்கள் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ரால்ப் ஷூமாக்கரின் இடப்புறப் பின் டயர் போய், கார் சுவரில் மோதியது. மூலைக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க ஒரு நெளிவு போடுங்கள் என்று கெஞ்சினார்கள், அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இருபது கார்களும் ஒரு சுற்று வந்தன. அதில் பதினான்கு கார்கள் அப்படியே உள்ளே போய்விட்டன. மிச்சம் ஆறு! காசு கொடுத்து வந்த ஜனங்கள் பாட்டில்களை எடுத்து வீசினார்கள்.

அந்த ஆறில் ஒன்றை ஓட்டி நான்காவதாக வந்தவர் நம் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன். பார்முலா ஒன் பந்தயத்தில் புள்ளி வாங்கிய முதல் இந்தியர். 'ஆறு பேரில் நாலாவதுதானே' என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும், அந்த மூலையை அவரும் எழுபதுக்கு மேற்பட்ட தரம் தாண்டத்தான் வேண்டியிருந்தது. அதே நரேன் 2010-ல் மார்ட்டின்ஸ்வில் என்ற அரை மைல் குட்டி ஓவலில் லாரி போன்ற கனத்த வண்டியை ஓட்டி, முதல் முயற்சியில் பதின்மூன்றாவதாக வந்தார்.

அதே 2005-ல், மூன்று வாரத்துக்கு முன், இதே திடலின் ஓவலிலும் நான்காம் இடம் ஒரு புதுமுகத்துக்குக் கிடைத்தது. டானிகா பேட்ரிக் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண். 19 சுற்று முன்னணியில் இருந்தாள். 2009-ல் மூன்றாவதாகவே வந்தாள். ஆனால் நான் அதிகம் வியப்பது அவளுக்கும் முன்னால் வந்த ஜானட் கத்ரியைத்தான். பௌதிகம் படித்தவர். 1977-ல் இந்தப் பந்தயத்துக்குத் தகுதி பெற்ற முதல் பெண்மணி. 'கனவான்களே, எஞ்சினைக் கிளப்புங்கள்' என்று ஒலிபெருக்கியில் சொல்வது அதுவரை வழக்கம். அவருக்காக அந்த வாசகத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் ஒன்பதாவதாக வந்தார். வந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது: பந்தயத்துக்கு முன்னமே வலது மணிக்கட்டு முறிந்திருந்தது! இடக்கையை நீட்டிக் கியரை மாற்றிக் கொண்டே 500 மைலையும் சமாளித்திருக்கிறார். முன்கூட்டிச் சொன்னால் ஓட்ட விட மாட்டார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. பெண்கள் கார் ஓட்டினால் கிண்டல் செய்யும் அண்ணாக்களுக்கும் மாமாக்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு சுவாரஸ்யம். இங்கே ஜெயித்தவருக்குப் பரிசுக் கோப்பையோடு ஒரு பாட்டில் பாலும் கொடுக்கிறார்கள். 1936-ல் லூயி மேயர் என்பவர் ஜெயித்து இறங்கியதும் மோர் வாங்கிக் குடித்தாராம்; அதிலிருந்து வந்த சம்பிரதாயம். முழுப் பாலா, கொழுப்பு எடுத்த பாலா என்று 33 பேரிடமும் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக் கொள்கிறார்கள். மான்செலைத் தாண்டி ஜெயித்தாரே பிட்டிபால்டி, அவருக்கு பிரேசிலில் ஆரஞ்சுத் தோட்டங்கள் உண்டு. அன்று மனிதர் பால் பாட்டிலை ஒதுக்கிவிட்டு ஆரஞ்சுச் சாற்றை எடுத்துக் குடித்துவிட்டார். வந்தது வினை! பந்தயத்தில் காட்டிய அத்தனை சாமர்த்தியத்தையும் மறந்துவிட்டு ஜனங்கள் "ஊ" என்று கூச்சலிட்டார்கள். அடுத்த பந்தயத்துக்கு மில்வாக்கி நகரம் போனார். பால் பண்ணைகளுக்குப் பேர்போன சீமை அது. அங்கேயும் விடவில்லை!